தராசில் ஒரு சிறு கார்

அறபு மொழியில் குதிரைகளைக் குறிக்கும் 'கைல்' என்னும் சொல்லும், செருக்கைக் குறிக்கும் 'குயலா' என்னும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. குதிரை தன் நடையைத் தானே வியந்து நடக்கிறது. அதன்மீது ஏறியவனும் தன்னை வியக்கத் தொடங்குகிறான். ஆதலின் அப்பெயர் வந்தது என்று அகராதி வல்லார் சிலர் காரணம் கூறுவர். மதரஸாவில் சொற்பிறப்பு நடத்தும் நாளில் இதனைச் சொன்னால், உறங்கிக்கொண்டிருக்கும் மாணாக்கரும் நிமிர்ந்து உட்காருவர்.

இன்று அறபு நாடுகளில் காருக்கு வழங்கும் பெயர் 'சையாரா'. இதுவும் பழஞ்சொல்லே. யூசுஃப் நபி அவர்களின் வரலாற்றில், பாலைக் கிணற்றருகே வந்து வாளியை இறக்கிய வழிச்செல்வோர் கூட்டத்திற்கு வழங்கிய சொல் அது. ஒருவரோடு ஒருவர் துணையாய்ச் சென்ற கூட்டத்தின் பெயர், இக்காலத்தில் ஊர்திக்கு ஆகிவந்துள்ளது. ஆக, ஊர்தி என்னும் பொருளைச் சுற்றித் தனியொருவனின் பெருமிதமும் உண்டு. உடன் வருவோரைச் சுமந்து செல்லும் கடமையும் உண்டு. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கவேண்டிய நிலை அண்மையில் நமக்கு நேர்ந்தது.

அறபும் தமிழும் கற்பித்து வயிறு வளர்க்கும் நமக்கும் பந்தயக் காருக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். உறவை உண்டாக்கியவர் நம் தங்கை மகன். ஷார்ஜாவில் பத்தாண்டுகளாக வண்டிப் பட்டறை ஒன்றில் பொறியாளராக இருப்பவர், வயது முப்பத்திரண்டு. தந்தை காலமாகி ஆண்டுகள் பல ஆகின்றன. தாய் மதுரை மகபூப்பாளையத்தில் தனியே இருக்கிறார். ஊரோடு வந்துவிட வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு வந்துள்ளது. அதனோடு ஓர் ஆசையும் வந்துள்ளது. நமக்கு அவர் எழுதியதன் சாரம் இது: "மாமு, சிறியதாய், இலேசானதாய், பின்சக்கரத்தால் உந்தப்படுவதாய் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். இங்குள்ளதை அங்கே கொண்டுவர இயலாது. அங்கே தருவிப்பதானால் இன்னும் இரண்டாண்டு இங்கிருந்து பொருள் சேர்க்க வேண்டும். அம்மா வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் நிறுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்."

நிறுக்கச் சொன்னால் நிறுக்கத்தான் வேண்டும். ஒரு தட்டை மட்டும் தூக்கிப் பார்த்து, 'வீண் ஆடம்பரம்' என்று தீர்ப்பளிப்பது எளிது. அது நிறுத்தல் ஆகாது. ஆகவே அக்காரின் சிறப்பு யாது என்று முதலில் அறிய முற்பட்டோம்.

ஊர்தியைச் சக்கரம் இரண்டு வகையில் நகர்த்தலாம். முன்சக்கரங்கள் இழுக்கலாம், அன்றிப் பின்சக்கரங்கள் தள்ளலாம். முன்சக்கரம் இழுக்கும் காரில், திசை திருப்பும் வேலையும் இழுக்கும் வேலையும் அவ்விரு சக்கரங்களின் தலையிலேயே விழுகின்றன. பின்சக்கரம் தள்ளும் காரிலோ வேலை பங்கிடப்படுகிறது. முன்னவை வழிகாட்டுகின்றன, பின்னவை உழைக்கின்றன. மேலும், வேகம் கூட்டும்போது வண்டியின் பாரம் பின்னோக்கிச் சாய்கிறது. அப்போது பின்சக்கரங்கள் சாலையை இன்னும் இறுகப் பற்றுகின்றன; உந்தும் சக்கரங்களுக்கு வேண்டிய பிடிப்பு வேண்டிய நேரத்தில் கிடைக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கு, எஞ்சினின் இழுப்பும் குலுக்கலும் கலவாமல், சாலையின் செய்தி மட்டும் வந்துசேர்கிறது.

இதன் குறையையும் மறைத்தல் கூடாது. எஞ்சின் முன்னே இருக்க, உந்துவிசை பின்னே செல்லவேண்டுமாதலால், நீண்ட இரும்புத் தண்டு ஒன்று வண்டியின் அடியில் ஓடவேண்டும். அது இடத்தை விழுங்கும், எடையைக் கூட்டும். மழையில் நனைந்த வளைவில் அளவுக்கு மீறி விசையை மிதித்தால், பின்பக்கம் வெளியே வழுக்கி வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். முன்சக்கர வண்டி இத்தவற்றுக்கு வளைவைவிட்டு நேரே விலகிப்போகும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின்சக்கர வண்டியை வழிக்குக் கொண்டுவரத் தேர்ந்த கை வேண்டும். அண்மைக்கால வண்டிகளில் மின்னணுக் காவல் இவ்வழுக்கலைப் பெரிதும் தடுக்கிறது எனினும், காவலை நம்பிக் கவனத்தைக் கைவிடுதல் அறிவுடைமை அன்று.

பின்சக்கரம் என்பது நமக்குப் புதியதும் அன்று. அம்பாசடர், பியட், ஹெரால்டு என நம் இளமையில் சாலையில் ஓடிய மூன்றும் பின்சக்கரத்தால் உந்தப்பட்டவையே. 1983 ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வந்த பின்னரே முன்சக்கர வண்டி நம் நாட்டில் பெருவழக்காயிற்று. இன்றும் கோரிப்பாளையத்தில் நம்மை ஏற்றிச்செல்லும் ஆட்டோவும் பின்சக்கரத்தால்தான் ஓடுகிறது. 2009 இல் வெளிவந்து 2018 இல் நின்றுபோன டாட்டா நானோவுக்கும், 624 கன சென்டிமீட்டர் எஞ்சினும் உந்துவிசையும் பின்னேதான் இருந்தன. ஆயினும் அதனை எவரும் பந்தயக் கார் என்று அழைத்ததில்லை. எனவே பின்சக்கரம் என்பது சிறப்புக்குரிய நிபந்தனைகளுள் ஒன்றேயன்றி, அதுவே சிறப்பு ஆகிவிடாது. எடை குறைவாய் இருத்தல், அவ்வெடை முன்னும் பின்னும் சமமாய்ப் பங்கிடப்படுதல், தரையை ஒட்டிய அமைப்பு, கைக்கும் காலுக்கும் உடனே பணியும் தன்மை ஆகியன யாவும் கூடினால்தான் அது வேறோர் இனம் ஆகிறது.

அவ்வினத்தில் நம் மருமகன் மனங்கொண்டது மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் ஜப்பானியக் கார். 1989 ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்டது. இருவர் மட்டுமே அமரலாம், மேற்கூரையை மடித்துவிடலாம். முதலில் வந்த வண்டியின் எஞ்சின் 1,597 கன சென்டிமீட்டர். எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. 2015 இல் வந்த நான்காம் தலைமுறை வண்டியின் நீளமும் நான்கு மீட்டரை எட்டாது. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. இருவர் அமரும் திறந்த காருக்கு உலகில் இவ்வெண்ணிக்கை அரிது. அதனை வடிவமைத்தவர்கள் தமக்கு இலக்காக வைத்துக்கொண்ட சொற்றொடர் 'ஜின்பா இத்தாய்' என்பது. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் ஆதல் என்று பொருள். குதிரையைவிட்டு எங்கே ஓடினாலும் குதிரை நம்மைத் தொடர்கிறது பாருங்கள்!

அக்காரில் நாம் ஒருமுறை அமர்ந்ததுண்டு. 2019 இல் உம்ரா முடித்துத் திரும்பும் வழியில் மருமகனிடம் சில நாள் தங்கினோம். நண்பர் ஒருவரின் வண்டியை இரவல் வாங்கி, ராஸ் அல் கைமாவில் உள்ள ஜபல் ஜைஸ் மலைச்சாலையில் அவர் நம்மை அழைத்துச் சென்றார். உட்காரும்போது தரையிலே பாய் விரித்து அமர்வது போன்றிருந்தது. எழும்போது ஒருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். வளைவுக்கு வளைவு வண்டி திரும்பிய விதத்தைக் கண்ணால் காண்பதற்கு முன் முதுகு உணர்ந்தது. வேகம் எவ்வளவு என்று கேட்டோம். மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்றார். நூற்றைக் கடந்திருக்கும் என்றே நாம் கருதியிருந்தோம். "இதுதான் மாமு இந்த வண்டியின் நேர்த்தி. பெரிய கார் நூற்றைம்பதில் தரும் இன்பத்தை இது அறுபதில் தந்துவிடும்" என்றார்.

இதுவே அக்காரின் தட்டில் வைக்கத்தக்க முதல் எடைக்கல் என்று இன்றும் கருதுகிறோம். மத்திய அரசு 2018 இல் வகுத்த உச்ச வேகம் நான்கு வழிச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர். முந்நூறு குதிரை ஆற்றல் கொண்ட பெருங்காரை வாங்குபவர், சட்டத்தை மீறாமல் அதன் ஆற்றலை ஒருபோதும் அறிய இயலாது. சிறிய காரோ சட்டத்திற்கு உட்பட்டே தன் திறம் முழுவதையும் காட்டிவிடுகிறது. இரண்டாம் எடைக்கல்: அது ஓட்டுபவரை விழிப்போடு இருக்கச் செய்கிறது. தன் பிழையை உடனே தனக்குக் காட்டும் கருவி, நல்லாசிரியனை ஒத்தது. மூன்றாவது: எடை குறைந்தால் எரிபொருள் குறையும், டயர் தேய்மானம் குறையும். 'இக்திஸாத்' என்னும் அறபுச் சொல்லை இன்று பொருளாதாரம் என்று மொழிபெயர்க்கிறோம். அதன் வேரிலுள்ள 'கஸ்த்' என்பதற்கு நேர்வழியில், நடுநிலையாய்ச் செல்லுதல் என்று பொருள். சிறியதில் நிறைவு காணும் அக்கார் அச்சொல்லுக்கு அவ்வளவாக முரண்படவில்லை.

இனி மறுதட்டு. இக்கார் நம் நாட்டில் முறையாக விற்கப்படுவதில்லை. அமீரகத்துக் கார்களுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம், நமக்கு வலப்பக்கம். ஆதலின் அங்குள்ளதை இங்கே கொணர்தல் ஆகாது. வலப்பக்க ஸ்டியரிங் கொண்டதை வேறு நாட்டிலிருந்து தருவித்தால், சுங்கமும் ஏனைய வரிகளும் சேர்ந்து விலை இரட்டிப்பைத் தாண்டும். வந்தபின் ஓடவேண்டிய இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தரைக்கும் அக்காரின் அடிவயிற்றுக்கும் ஒரு சாண் இடைவெளியும் இராது. மதுரைத் தெருக்களின் வேகத்தடைகளோ, யானையைத் தடுக்கக் கட்டியவை போன்றவை. மேலூருக்கும் திருமங்கலத்துக்கும் செல்லும் நான்கு வழிச் சாலை விரிந்து கிடப்பது உண்மையே. அதன் இருமருங்கும் வயலும் ஊரும் உள்ளன. ஆடும் மாடும், வைக்கோல் ஏற்றிய டிராக்டரும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் அச்சாலையைக் குறுக்கே கடக்கத்தான் செய்வர். தாழ்ந்து ஓடும் சிறு கார் லாரிக்காரர் கண்ணில் எளிதில் படாது. வத்தலக்குண்டைக் கடந்து கொடைக்கானல் ஏறும் மலைச்சாலை ஒன்றுதான் அதற்கு ஏற்ற களம். அங்கும் விடுமுறை நாளில் பேருந்துக்குப் பின்னே ஊர்ந்துதான் செல்லவேண்டும்.

பழுது பார்ப்பது யார் என்பது அடுத்த வினா. இவ்வினா மதுரைக்குப் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்குக் காயல் துறை வழியே அறபு, பாரசீகக் குதிரைகள் திரள்திரளாக வந்திறங்கின. கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்றும், கடலில் இறந்தாலும் விலை கொடுக்கப்படவேண்டும் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். அதே காலத்தில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, அக்குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் இங்கு இல்லாமையால் அவை விரைவில் மடிந்தன என்றும், பரிமருத்துவர் இங்கு வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் குறிக்கிறார். குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டும் குதிரை விற்கும்! பொன்னைக் கொடுத்து விரைவை வாங்கிய நாடு, அதனைப் பேணும் கலையை வாங்கத் தவறிற்று. பட்டறை அறிவு இல்லாத ஊரில் அயல்நாட்டு அருங்காரை நிறுத்தினால் அக்கதையே மீளும். நம் மருமகன் பொறியாளர் என்பது உண்மை. எனினும் சிறு உதிரிப்பாகம் ஒன்றுக்கும் கடல் கடந்து எழுதிக் காத்திருக்கவேண்டும்.

இவ்விடத்தில் நம் நினைவுக்கு வந்தது, சென்னையிலேயே செய்யப்பட்ட ஒரு கார். 1948 இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் பெயரில் இங்கே செய்தது. இத்தாலியக் கலைஞர் மிக்கலோட்டி வரைந்த உருவம், தொடக்கத்தில் 948 கன சென்டிமீட்டர் எஞ்சின், பின்சக்கர உந்துதல். 25 அடி வட்டத்திற்குள் முழுதாய்த் திரும்பிவிடும். நம் சிறுவயதில் நெல் வணிகர் ஒருவரிடம் அக்கார் இருந்தது. எஞ்சினைப் பார்க்க முன்மூடியைச் சக்கரக் கவசத்தோடு சேர்த்து முன்னோக்கிச் சாய்ப்பார்கள். முதலை வாய் பிளந்தது போலிருக்கும். மக்தபுக்குச் செல்லும் வழியில் அதைக் காண நின்று பிரம்படி வாங்கிய சிறுவர் பலர். இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1962 இல் 'ஸ்பிட்பயர்' என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். 1980 வரை அது வெளிவந்தது. ஆகவே நாம் குடும்பக் கார் என்று எண்ணியிருந்தது ஒரு பந்தயக் காரின் உடன்பிறப்பே. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமானத் தளத்தில், 1953 இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டும் ஓடியது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளம் 1990 இல்தான் வந்தது.

ஹெரால்டுக்கும் குறை உண்டு. அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அச்சுகளில் அமைந்தவை. கடும் வளைவில் விரைந்து புகுந்து, சட்டென்று விசையை விட்டுவிட்டால், வெளிப்புறச் சக்கரம் உள்ளே மடங்கிப் பிடிப்பை இழக்கும். ஸ்பிட்பயரில் இது 1970 இல் திருத்தப்பட்டது. ஐம்பதாண்டு கடந்த ஊர்திகளுக்கென 2021 இல் வந்த விதிப்படி, பழம்பெரும் ஊர்தி எனத் தனிப்பதிவு பெற்றால் அதை அன்றாடம் ஓட்டுதல் கூடாது என்பதையும் எண்ணவேண்டும். பழைய பதிவையே புதுப்பித்துத் தகுதிச் சான்று பெற்று ஓட்டவேண்டும். ஆனால் அதன் எஞ்சின் எளியது. தனி அடிச்சட்டத்தின்மேல் திருகாணியால் பிணைத்த உடல். பிரித்து மூட்டப் பட்டறைக்காரரால் இயலும்.

இவ்வளவையும் நிறுத்தபின் தங்கையைச் சென்று கண்டோம். காரின் நிறை குறைகளை விளக்கத் தொடங்கினோம். அவர் இடைமறித்தார். "காக்கா, அந்தக் கார் நல்லதா கெட்டதா என்பது எனக்குத் தெரியாது. அவன் இரண்டு வருஷம் என்று சொன்னது மட்டுந்தான் என் காதில் விழுந்தது. எனக்கு முழங்கால் போய்விட்டது. அவன் அத்தா மவுத்தானபோதும் அவன் வெளியூரில்தான் இருந்தான்" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் கொண்டுவர எழுந்து போனார்.

நாம் அதுவரை விலையை ரூபாயில் நிறுத்திக்கொண்டிருந்தோம். வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் வாங்கும் எப்பொருளுக்கும் இரண்டு விலைகள் உண்டு. ஒன்று ரூபாயில், அதை வாங்குபவர் கொடுக்கிறார். மற்றொன்று ஆண்டுகளில், அதை இங்கே வாசற்படியில் அமர்ந்திருப்பவர் கொடுக்கிறார். வீட்டுக்கு மாடி எழுப்பிய பின் வருகிறேன், தங்கையின் திருமணம் முடிந்தபின் வருகிறேன் என்று தள்ளிப்போன வருகைகளுக்கு நியாயம் உண்டு. அவற்றில் கொடுத்தவருக்கும் பங்கு உண்டு. இருவர் மட்டுமே அமரும் காருக்காக, அதில் ஏறி இறங்கவும் இயலாத தாயின் இரண்டாண்டைக் கேட்பது அப்படிப்பட்டதன்று.

மருமகனுக்கு இவ்வாறு எழுதினோம்: "நீர் விரும்பிய காரின் சிறப்புகளில் ஒன்றையும் நாம் மறுக்கவில்லை. ஜபல் ஜைஸில் நம் முதுகு சொன்ன சாட்சியம் இன்றும் நிற்கிறது. இவ்வாசையில் செருக்கு இல்லை. கைத்திறத்தின் மேலுள்ள காதலே இருக்கிறது. ஆனால் அதன் விலையில் பாதியை உம் தாயார் கொடுக்கவேண்டியுள்ளது. அவரிடம் அவ்வளவு இருப்பு இல்லை. ஆகவே கைத்திறத்தை வைத்துக்கொண்டு காரை மாற்றும். ரமலானுக்குள் வாரும். பழைய ஹெரால்டு ஒன்றைத் தேடுவோம். உம் கையாலேயே பிரித்து மூட்டும். சிறியது, பின்சக்கரத்தது, ஸ்பிட்பயரின் இரத்தம் ஓடுவது. வளைவில் மட்டும் சட்டென்று விசையை விட்டுவிடாதீர்."

பத்து நாள் விடை இல்லை. பின்னர் வந்தது. "மாமு, டிக்கெட் எடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லுங்கள். ஹெரால்டில் இரண்டு கதவுதானே, அம்மா பின்னால் எப்படி ஏறுவார்கள்?" என்று கேட்டிருந்தார்.

இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். சென்னையில் செய்த மூன்றாம் மாதிரிக்கு நான்கு கதவு வைத்தார்கள். பின்னிருக்கையில் பெரியவர்களை அமர்த்தும் வழக்கம் நம் நாட்டுக்கு உரியது அன்றோ! தங்கையிடம் இதைச் சொன்னோம். படி உயரமா தாழ்வா என்று கேட்டார். நினைவிலிருந்தவரை சொன்னோம். இப்போது நான்கு கதவு ஹெரால்டு ஒன்றைத் திருமங்கலத்துப் பக்கமும் திண்டுக்கல் பக்கமும் விசாரித்து வருகிறோம்.